கோலத்துக்கும் வண்டுக்கும் ஒரே பூ

பூச்சிகளைக் கண்டால் எனக்குப் பயம் வராது. கோபம்தான் வரும். ஒரு மார்கழியில், பரங்கிக்கொடிக்கு வந்த கருவண்டுகளோடு துடைப்பமும் கையுமாகப் பத்து நாள் சண்டை போட்டவள் நான். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்துத்தான் போட்டேன். தப்பு முழுக்க என் மேல்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதையை முடித்துவிட்டுச் சொன்னால் இன்னும் வெட்கமாக இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் பாண்டி டவுனிலிருந்து வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டில் நாங்கள் மூன்றே பேர்: நான், என் வீட்டுக்காரர், மாமியார். மாமனார் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டுக்காரருக்கு டவுனில் பஞ்சாலை வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால், திரும்பி வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவார். ஆகவே பகல் முழுக்க நானும் அத்தையும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் எல்லாமே அத்தையுடையதாக இருந்தது. அடுப்பு அவருடையது. உப்புச்சாடி எங்கே இருக்க வேண்டும் என்பதும் அவர் வைத்ததுதான். மாடு அவருடையது, அதற்கும் அது தெரியும், என்னைக் கண்டால் முட்ட வரும். செபமாலைக்கு எத்தனை மணிக்கு முழங்கால் போடுவது, எந்தப் பாட்டில் ஆரம்பிப்பது என்பதில்கூட எனக்குக் குரல் கிடையாது. நானோ வாய் சும்மா இருக்காத ஆள். டவுன் கான்வென்ட்டில் படித்துவிட்டு, சாணி தட்டத் தெரியாமல் வந்து நின்றேன் என்று தெருவே சிரித்தது வேறு உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

கிணற்றுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. ஒரு ஓரத்தில் முருங்கை, இன்னொரு ஓரத்தில் பழைய செம்பருத்தி, நடுவில் தானாக முளைத்த தும்பை. அதை யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. நான் சொல்லிக்கொண்டேன். துலுக்கச் சாமந்தி விதை போட்டேன், இரண்டு அவரைக்கொடி விட்டேன். துணி துவைக்கிற சாக்கில் அங்கேயே பாதிப் பொழுதைக் கழிப்பேன்.

அங்கே உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. பஞ்சாலையில் மட்டும் இல்லை, தோட்டத்திலும் ஷிப்ட் உண்டு. கிழக்கு வெளுக்கும்போதே கருவண்டு வந்துவிடும். கட்டை விரல் தடிமன், நல்ல கறுப்பு, சிறகு மட்டும் வெயிலில் நீலமாக மின்னும். மோட்டார் சைக்கிள் போலச் சத்தம் போட்டுக்கொண்டு வரும். அது முதல் ஷிப்ட். கொஞ்சம் வெளிச்சம் ஏறினதும் தேனீக்கள் முருங்கைப்பூவுக்குக் கூட்டமாக வரும்; மரமே முணுமுணுக்கிற மாதிரி இருக்கும். வண்ணத்துப்பூச்சிகள் மட்டும் ஆபீசர்கள். வெயில் நன்றாக உறைத்த பிறகு, ஒன்பது, பத்து மணிக்குத்தான் வந்து, ஒரு தும்பையில் அரை நிமிஷம், ஒரு சாமந்தியில் கால் நிமிஷம் உட்கார்ந்து எழுந்து போகும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பெரிய அந்துப்பூச்சி வந்து, உட்காராமல் காற்றில் நின்றபடியே நீளமான உறிஞ்சியைப் பூவுக்குள் விடும். அதைப் பார்க்கிறேன் என்று உலையைப் பொங்கவிட்டு எத்தனையோ நாள் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், ஆவணி மாதத்தில் ஒருநாள் சவுக்குக் கழிகள் வண்டியில் வந்து இறங்கின. இறங்கிய இடம் என் துண்டு நிலத்தின் ஓரம்.

“இன்னா அத்தை இது?” என்றேன்.

“மாட்டுக் கொட்டாய்க்கு. பழசு ஒழுவுது. இங்கதான் எடம் சும்மா கெடக்குதே.”

“சும்மாவா கெடக்குது? பூ வெச்சிருக்கேன், அவரை வெச்சிருக்கேன்…”

“பூவ வெச்சிக்கினு கொழம்பு வெக்க முடியுமாடி? ஒன் அவரை ஒரு வேளைக்கு வந்துதா?”

வரவில்லை, உண்மைதான். ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்தில் யோசிக்காமல் வாயை விட்டேன். “பொங்கலுக்குள்ள இதே எடத்துல பத்துப் பரங்கிக்காய் காட்டறேன் பாருங்க. காட்டலன்னா கொட்டாய் போட்டுக்கோங்க, நான் ஒரு வார்த்த பேசல.”

ஏன் பரங்கி என்று சொன்னேன், ஏன் பத்து என்று சொன்னேன், இன்றைக்கும் தெரியவில்லை. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பொங்கலன்னிக்குக் காலைல பூசைக்குப் போயிட்டு வந்து எண்ணுவேன். கொடியில நிக்கணும். பத்து. ஒண்ணு கொறஞ்சாலும் கொட்டாய்தான்.”

வீட்டுக்காரர் அன்றைக்கு நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் விஷயத்தைச் சொன்னேன். “ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புரட்டாசியில் மூன்று குழி வெட்டி, எரு போட்டு, விதை ஊன்றினேன். ஐப்பசி மழையில் மூழ்காமல் இருக்க மேடு கட்டி, சாக்கை மறைப்பாக வைத்துக் காப்பாற்றினேன். கார்த்திகையில் கொடி கிளம்பியது பாருங்கள், அப்படி ஒரு கிளம்பல்! அடுக்கி வைத்த சவுக்குக் கழிகள் மேலேயே ஏறிப் படர்ந்துவிட்டது. எனக்கு அதில் தனி சந்தோஷம். மார்கழி பிறப்பதற்குச் சரியாகப் பூக்க ஆரம்பித்தது. விடிகாலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் முப்பது, நாற்பது மஞ்சள் பூ வாயைத் திறந்துகொண்டிருக்கும்.

மார்கழியில் பரங்கிப்பூவுக்கு என்ன கிராக்கி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் எங்களைப் போல வேதக்கார வீடுகள், அதாவது கிறிஸ்தவ வீடுகள், நாலைந்துதான், மற்றதெல்லாம் இந்து வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் விடிவதற்கு முன்பே கோலம் போட்டு, நடுவில் சாணியை உருட்டி வைத்து, அதன் தலையில் பரங்கிப்பூவைக் குத்துவார்கள். அந்த வருஷ மழையில் மற்றவர்கள் கொடியெல்லாம் அழுகிப்போய், தெருவிலேயே பூ இருந்த ஒரே வீடு எங்களுடையது.

முதல் நாள் எதிர்வீட்டு அக்கா வந்தார். நடவுக்கும் களையெடுக்கவும் போகிற மனுஷி. தெருவை அடைத்துக் கோலம் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. “தங்கச்சி, ஒரு பூ குடேன்” என்றார். நான் மடி நிறையக் கொடுத்தேன். மறுநாள் நான்கு பெண்கள் வந்தார்கள். அடுத்த நாள் கொல்லைப் படலுக்கு வெளியே வரிசையே நின்றது. “அண்ணி எனக்கு”, “அண்ணி எனக்கு” என்று இருட்டில் கைகள் நீளும். சாணி தட்டத் தெரியாதவள் என்று என்னைப் பார்த்துச் சிரித்த அதே தெரு! நான் கூடையோடு நின்று ராணி மாதிரி வாரி வழங்கினேன். பிஞ்சு இருக்கிற பூவைத் தொடமாட்டேன். அந்த அளவுக்கு விவரம் உண்டு. காம்பு மட்டும் நீண்டு நிற்கிற வெறும் பூ காய்க்கப் போவதில்லை, அதனால் யாருக்கு என்ன லாபம் என்று ஒன்றுவிடாமல் கிள்ளிக் கொடுத்துவிடுவேன். மீந்ததைப் பங்குக் கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்குக்கூட ஒருநாள் எடுத்துப்போய் வைத்தேன். பத்து மணிக்கெல்லாம் வாடிச் சுருண்டு, மாட்டுத் தொழுவத்துச் சொரூபங்கள் மேல் தொங்கிக்கொண்டிருந்தன. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அவற்றைப் பெருக்கித் தள்ளினார்.

பிஞ்சுகள் மட்டும் நிற்கவில்லை. பூவுக்குக் கீழே பச்சைக் கோலிக்குண்டு மாதிரி அழகாக இருக்கும். பூ வாடும். மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளிக்கும். ஐந்தாம் நாள் தொட்டால் கையோடு வந்துவிடும். ஒன்று போனது, மூன்று போனது, எட்டு போனது.

“கண்ணு பட்டுப்போச்சு” என்றார் அத்தை. “தெனம் பத்துப் பேரக் கூட்டி வெச்சிக் காட்டினா படாம இன்னா செய்யும்?” என்று திட்டிக்கொண்டே, வில்லியனூர் மாதா கோயில் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து மூன்று குழிக்கும் தெளித்தார். போட்டியில் எனக்கு எதிர்க்கட்சி அவர். எதிர்க்கட்சி எதற்குத் தீர்த்தம் தெளிக்கிறது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கவலையில் இருந்தேன்.

நான் வேறு எதிரியைக் கண்டுபிடித்திருந்தேன். பூ கொடுத்து முடித்து நிமிர்ந்தால், அந்தக் கருவண்டு வரும். கொடி முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு, நேரே பிஞ்சுப் பூவுக்குள் தலையை விடும். உள்ளே கிடந்து உருளும். அதன் பின்னால் தேனீக்களும் வரும். பிஞ்சுப் பூவுக்குள்தான் போகிறது, பிஞ்சுதான் அழுகுகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கடித்துத் துளை போடுகிறது என்று முடிவு கட்டினேன்.

அன்றிலிருந்து விடிந்தால் எனக்கு அதுதான் வேலை. தென்னந்துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கொடிக்கு நடுவில் நிற்பேன். “இன்னாடா ஒனக்கு இங்க வேல? வேற வூடே இல்லையா?” என்று விரட்டுவேன். அது கிணற்றடி வரைக்கும் போய், காற்றில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வரும். மறுபடி வீசுவேன். ஒருமுறை வீசினதில் என் பிஞ்சு ஒன்றே அறுந்து விழுந்தது. அந்தக் கோபத்தையும் வண்டு மேலேயே போட்டேன். அதுவும் போதாது என்று பிஞ்சுப் பூ ஒவ்வொன்றுக்குள்ளும் அடுப்புச் சாம்பலைக் கொட்டி வைத்தேன்.

அவர் ஒருநாள் நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தவர், தலையில் முக்காடும் கையில் துடைப்பமுமாக நான் குதித்ததைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். “பேய் ஓட்டறியா?” என்றார். நான் அடுத்த வண்டைத் துரத்திக்கொண்டு போனேன். நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. நடுராத்திரிப் பூசை முடிந்து வந்து படுத்தவர்கள், ஏழு மணிக்குத்தான் எழுந்தோம். பூ கேட்டு அன்றைக்கு யாரும் வரவில்லை. “அவங்க வூட்ல பண்டிகடி, போயித் தொந்தரவு குடுக்காதீங்க” என்று எதிர்வீட்டு அக்கா பெண்களைத் தடுத்துவிட்டாராம். தெருக் கோலங்கள் எல்லாம் அன்று செம்பருத்தியோடு இருந்தன.

குளித்து, புது வெளிர்நீல வாயில் சேலையைக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கிள்ளாத பூக்கள் அத்தனையும் அப்படியே விரிந்து கிடந்தன. கிணற்றடியில் மட்டும் மூன்று பிஞ்சுப் பூக்கள் அன்றைக்குத்தான் திறந்திருந்தன. புதுச்சேலை கட்டிக்கொண்டு துடைப்பத்தைத் தொட மனசு வரவில்லை. அந்த வண்டு என் கண்ணெதிரிலேயே வெறும் பூவுக்குள் போனது, வந்தது, இன்னொன்றுக்குள் போனது. பிறகு பிஞ்சுப் பூவுக்குள் போய்ச் சாவகாசமாகக் கிடந்தது. வெளியே வந்தபோது முதுகு, வயிறு, கால் எல்லாம் மஞ்சள். நேரே பறந்து வந்து என் முந்தானையில் மோதி, சேலையில் கட்டை விரல் அளவுக்கு மஞ்சள் பூசிவிட்டுப் போனது. பண்டிகையும் அதுவுமாக அந்த வண்டுக்கு நான் கொடுத்த வசவு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. அப்புறம் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், துடைப்பத்தை அன்று முழுக்க மறந்துவிட்டேன்.

ஆங்கில வருஷம் பிறப்பதற்கு முதல் நாள் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள், கயிறை அப்படியே விட்டுவிட்டேன். இலைக்கு அடியில் மூன்று காய்கள். ஆரஞ்சுப் பழம் அளவு இருக்கும். கெட்டியாக, பளபளப்பாக, காம்பு தடித்து. அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை.

“அத்தை! அத்தை!” என்று கத்தினதில் அவர் பாம்பு என்று நினைத்துக் கழியோடு ஓடி வந்தார். பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்.

“எப்பப் பூத்துது?”

“கிறிஸ்துமஸ் அன்னிக்கு. நல்லா ஞாபகம் இருக்குது.”

“அதான். பாலன் பொறந்த அன்னிக்குப் பூத்த பூவு. பாலன் குடுத்த காயி.”

“அப்போ மத்த நாளெல்லாம் பாலன் இன்னா தூங்கிக்கினா இருந்தாரு?”

“வாயில போட்டுக்கடி!” என்று கையை ஓங்கினார். நான் போட்டுக்கொண்டேன். ஆனால் கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றது. அன்றைக்கு மட்டும் என்ன வித்தியாசம்? நான் துடைப்பம் எடுக்கவில்லை. சரி. வேறென்ன?

மறுநாள் விடிகாலை வழக்கம்போலப் பூவைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். படலுக்கு வெளியே பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அரிக்கேன் வெளிச்சத்தில் என் விரலைப் பார்த்தேன். மஞ்சள் பொடி. எங்கேயோ பார்த்த மஞ்சள். இரண்டு தரம் துவைத்தும் என் புதுச்சேலையில் போகாமல் இருந்த அதே மஞ்சள். வெறும் பூவுக்கு நடுவில் ஒரு தண்டு, அது நிறைய இந்தப் பொடி. கீழே குனிந்து ஒரு பிஞ்சுப் பூவுக்குள் விரலை விட்டேன். அங்கே பொடி இல்லை, பிசுபிசு என்று ஒட்டியது.

கான்வென்ட்டில் மகரந்தச் சேர்க்கை என்று ஒரு பாடம் இருந்தது. செம்பருத்திப் பூவை நெடுக்காக வெட்டின மாதிரி கலர் பென்சிலில் படம் போட்டு, பாகங்களைக் குறித்து, பத்துக்கு ஒன்பது வாங்கினவள் நான். கன்னியாஸ்திரி அம்மா என் நோட்டை வகுப்பு முழுக்கக் காட்டினார். அப்படிப்பட்ட படிப்பாளி, வெறும் பூவை எல்லாம் விடிவதற்கு முன்பே பறித்துக் கொடுத்துவிட்டு, பொடியைத் தேடி வந்த வண்டைத் துடைப்பத்தால் அடித்து, பிஞ்சுப் பூவில் சாம்பலையும் கொட்டியிருக்கிறேன். சந்தைக்கு வந்த வியாபாரியின் சரக்கை எடுத்து ஒளித்துவிட்டு, அவனையே திருடன் என்று துரத்தின மாதிரி. அந்தக் குளிரிலும் எனக்குக் காது இரண்டும் சுட்டது.

“இன்னிக்குப் பூ கெடையாது” என்று சொல்லிவிட்டுக் கூடையோடு உள்ளே ஓடிவிட்டேன்.

ஏன் என்று சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. பெண்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மத்தியானம் தண்ணீர்க் குடத்தோடு வந்த அத்தையின் முகம் சரியில்லை. “கொழாயாண்ட பேசிக்கிறாங்க. வேதக்காரங்க வூட்ல திடீர்னு நம்ம கோலத்துக்குப் பூ குடுக்க மாட்டேன்ட்டாங்கன்னு. இன்னாடி பண்ணி வெச்ச? நாப்பது வருசமா இந்தத் தெருவுல ஒரு பேச்சு வந்ததில்ல எங்களுக்கு.”

நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: கொட்டாய், பந்தயம், பிஞ்சு, வண்டு, துடைப்பம், சாம்பல். சாம்பலுக்கு வந்தபோது அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அப்புறம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“அடிப் பைத்தியக்காரி! நாங்க இன்னா கேட்டோம்? வாசலுக்கு ஒரே ஒரு பூ. உருண்டைல ஒண்ணு குத்தினா ஆச்சு. நீதானே எடுத்துக்கோ எடுத்துக்கோன்னு மடி மடியா போட்ட? வேணான்னா ஒன் மனசு கஷ்டப்படுமேன்னு வாங்கிக்கினோம். மீந்ததெல்லாம் எங்க மாடு துன்னுது தெரியுமா?”

பெண்களுக்காகக் கொடுத்தேன் என்றுதான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெருமைக்காகக் கொடுத்திருக்கிறேன்.

“வூட்டுக்கு ஒண்ணு,” என்றார் அக்கா. “நானே வந்து எண்ணி வாங்கிக்கினு போயி எல்லாருக்கும் குடுத்துடறேன். மிச்சம் ஒன் வண்டுக்கு. ஆனா பொங்கலுக்கு எனக்கு ஒரு காய் குடுத்துடணும். பரங்கிக்காய் இல்லாம எங்க வூட்ல பொங்கக் கொழம்பு கெடையாது.”

“ஒண்ணு இன்னாக்கா, ரெண்டா எடுத்துக்க” என்றேன். பழக்கம் போகுமா?

அன்றிலிருந்து வீட்டுக்கு ஒன்றாகப் பதினான்கு பூ தெருவுக்கு, மீதி கொடியில். துடைப்பம் வாசலுக்குத் திரும்பிப் போனது. நான் கிணற்றுத் துவைகல்லில் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்து விருந்தாளிகளைக் கவனித்தேன். கருவண்டு இரண்டு நாள் என் பக்கம் திரும்பாமலேயே வேலை பார்த்தது; அதற்கும் ரோஷம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். தேனீக்கள் பூவுக்குள் இறங்கி, மஞ்சள் மாவில் புரண்ட பிள்ளைகள் மாதிரி வெளியே வரும். ஒரு பூவுக்குள் மூன்று தேனீ முட்டிக்கொள்ளும். கட்டெறும்பு ஒன்று வேலை எதுவும் செய்யாமல் தேனை மட்டும் குடித்துவிட்டு இறங்கிப் போகும். ஆபீசர் வண்ணத்துப்பூச்சிகள் பரங்கிப்பூவை எட்டிப் பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிப்படாது என்று சாமந்திக்குப் போய்விடும். பத்து மணிக்குப் பூ வாயை மூடிக்கொள்ளும். ஒருநாள் உள்ளேயே தூங்கிப்போன ஒரு சின்னத் தேனீயை இதழைப் பிரித்து நான்தான் வெளியே விட்டேன்.

காய்கள் நிற்கத் தொடங்கின. நான்கு, ஆறு, ஏழு. நடுவில் ஒன்றை நிஜமாகவே ஒரு ஈ குத்தி அழுகவைத்துவிட்டது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. பிறகு எட்டு. பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் இலை இலையாகத் தூக்கிப் பார்த்து எண்ணினேன். பத்து. கடைசிக் காய் எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆனால் கெட்டி. மறுபடி எண்ணினேன். பத்தேதான். சவுக்குக் கழிகளைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினேன். அந்த நிமிஷம் எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என் நினைவிலேயே இல்லை.

பொங்கலன்று காலை அத்தை பூசைக்குப் போயிருந்தார். ஆறரை இருக்கும். படலுக்கு வெளியே குரல் கேட்டது.

“தங்கச்சி, பான வெச்சிட்டேன். காயக் குடு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மணி நேரம் கழித்து வா அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை வந்து எண்ணிவிடட்டும், அப்புறம் இரண்டாகவே எடுத்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் வாசல் பெருக்கும்போதே அவர் வீட்டு முன்னால் அடுப்பு எரிந்ததைப் பார்த்திருந்தேன். மற்ற காய்கறி எல்லாம் நறுக்கி முறத்தில் வைத்திருந்தார். தெரு முழுக்க என்னைப் பற்றிப் பேசின அன்றைக்கு, விழுந்து விழுந்து சிரித்து என்னைக் காப்பாற்றின மனுஷி. எதைக் கொடுத்தாலும் ஒன்பதுதான், சிறிசையாவது கொடுத்துச் சமாளிக்கலாமா என்றுகூட ஒரு கணம் பார்த்தேன். அதற்கு மனசு கேட்கவில்லை. கிணற்றடியில் கிறிஸ்துமஸ் அன்று பூத்த மூன்றில் பெரியதை, அரிவாளால் காம்போடு அறுத்துக் கொடுத்துவிட்டேன். பழுக்கவில்லை, ஆனால் குழம்புக்கு இளங்காய்தான் ருசி.

“இன்னா மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?” என்றார் அக்கா.

“ஒண்ணும் இல்லக்கா. பானை பொங்கிடப் போவுது, போ.”

ஏழரை மணிக்கு அத்தை வந்தார். முக்காட்டைக்கூட எடுக்காமல், பூசைப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். விரலை நீட்டி எண்ணினார். ஒவ்வொரு இலையாக விலக்கி, கழிகளுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார்.

“ஒம்போது” என்றார்.

காரணத்தைச் சொன்னால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் மாடு கட்டுவதை நினைத்துக்கொண்டேன். தும்பை, சாமந்தி, அந்தத் துவைகல், விடிகாலைச் சத்தம்.

“நேத்து சாயங்காலம் பத்து இருந்துதே” என்றார் அத்தை.

நிமிர்ந்து பார்த்தேன். “நீங்க எண்ணினீங்களா?”

“தெனம்தான் எண்ணறேன்.” குனிந்து, கிணற்றடியில் புதிதாக அறுத்த காம்பிலிருந்து நீர் சொட்டுவதைத் தொட்டுப் பார்த்தார். “எதிர்வூட்டுக்கா?”

“வாக்குக் குடுத்திருந்தேன் அத்தை.”

“எனக்கும்தான் குடுத்த.”

நான் அந்தக் காம்பை இலையால் மூடினேன்.

அத்தை நிமிர்ந்து கொடியைப் பார்த்தார். முதல் ஷிப்ட் கருவண்டு ஒன்று அவர் முக்காட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, பக்கத்துப் பூவுக்குள் இறங்கியது. அவர் கையை ஓங்கவில்லை.

“டேய்!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வீட்டுக்காரர் பல்குச்சியோடு வந்து நின்றார். “இந்தக் கழியெல்லாம் எடுத்து முருங்கைக்கு அந்தாண்ட போடுடா. கொட்டாய அங்க போட்டுக்கலாம். மெதுவா எடு, கொடி ஏறி இருக்குது, அறுத்துடாத.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில், அன்றைக்குத்தான் அது என் வீடாகவும் இருந்தது. “ஒம்போதுதானே அத்தை இருக்குது?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் அப்படி.

“ஒங்கைல எத வெச்சாலும் தெருவுக்குத்தான் போவும்,” என்று சொல்லிக்கொண்டே அத்தை முக்காட்டை அவிழ்த்து உதறினார். “அடுத்த வருசம் அஞ்சு குழியா வெட்டு. ஒண்ணு கோலத்துக்கு வுட்டுடு, ஒண்ணு வண்டுக்கு வுட்டுடு. மிச்சம் மூணுலயாவது எனக்குப் பத்துக் காய் காட்டு.”